தனியொருவராய் மேடையேறிய கலைவாணர்

முத்தமிழுள் மக்களோடு மிக நெருங்கிய உறவு பூண்டது நாடகத் தமிழ். இயலைக் கற்றோர் படித்து மகிழ்வர். இசையைச் செவிப்பயிற்சி உடையோர் நுகர்வர். நாடகத்தையோ எழுத்தறியா உழவரும் உள்ளம் ஒன்றிச் சுவைப்பர். அந்நாடகக் கலையிலும் அருமை மிக்கது, தனியொருவர் மேடைமீது நின்று ஒரு வாழ்க்கை முழுவதையும் அவையோர் கண்முன் கொணர்ந்து நிறுத்தும் கலையாகும். உடன் நடிப்போர் இலர். மாற்றிக் கட்டும் திரைச்சீலைகள் இல. குரலும் மெய்ப்பாடும் சொல்லாற்றலுமே அவருக்குத் துணை. அவர் சோர்ந்தால் அவையும் சோரும். அவர் சிரித்தால் அவையும் சிரிக்கும்.

மேலை நாடுகளில் இவ்வகை அரங்கு பெரும்பாலும் மக்கள் மனங்கவர்ந்த மாந்தரைச் சுற்றி அமைந்திருத்தலைக் காண்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனாக ஹால் ஹோல்புரூக் என்னும் நடிகர் 1954இல் மேடையேறி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வேடத்தைத் தாங்கினார். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் அந்நாட்டு மக்களின் பேரன்பைப் பெற்றவர் கிறிஸ்டி மேத்யூசன் (1880–1925). முதல் உலகப் போரின்போது படைப்பயிற்சியில் நச்சுக் காற்றுக்கு ஆளாகிப் பின்னர்க் காசநோயால் மறைந்த அவ்வீரரின் வாழ்வை, எடி பிரியர்சன் என்னும் நடிகர் தாமே எழுதித் தாம் ஒருவராகவே நடித்து, 1990களில் நியூயார்க் நகர மக்களுக்குக் காட்டினார். ஆடுகளத்தில் ஒன்பதின்மர் கூடி ஆடும் ஆட்டத்தை ஒருவர் நின்று காட்டியது வியப்புக்குரியதே.

ஆயினும் தமிழராகிய நமக்கு இது முற்றிலும் புதியதன்று. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் உடுக்கையொலியோடு இரவுகள் பல தொடர்ந்து பாடப்பெறும் அண்ணன்மார் கதையை அறியாதார் யார்? பொன்னரும் சங்கரும் தங்காளும் பாடுவோரின் குரலிலேயே பிறந்து வளர்ந்து போரிட்டு மடிவர். இசுலாமியத் தமிழ் மரபிலோ, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பாடிப் பொருள் விரித்துரைக்கும் அவைகள் உண்டு. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் ஒருவர் ஓதப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலமும் உண்டு. கோயில் மண்டபங்களில் தழைத்த கதாகாலட்சேபத்தைத் தமிழகத்தில் செம்மைப்படுத்திய பெருமை தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரைச் சாரும். பக்க வாத்தியங்களும் பின்பாட்டும் இருப்பினும், கதை மாந்தர் அனைவரும் கதை சொல்லும் அந்த ஒருவருள்ளேயே வாழ்வர்.

இப்பழம்பெரும் வடிவத்தைக் கையில் எடுத்து, அதன் தோற்றம் மாறாமல் அதன் உயிரை மாற்றியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். திரையில் நகைச்சுவை விளைத்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். நகைச்சுவையாளர் பலராலும் ஆகாத அரிய செயலொன்றை அவர் ஆற்றினார். அச்செயலையும், அதற்கு அவரை ஆளாக்கிய வாழ்க்கையையும், அதில் நம் கொங்கு நாட்டார்க்குள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் வறுமையும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வறுமை அக்குடும்பத்தின் நிரந்தர விருந்தாளியாக இருந்தது. எனவே பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஏட்டுக் கல்வி கைவிட்ட அச்சிறுவனை நாடகக் கொட்டகை ஏற்றுக்கொண்டது. ஆனால் மேடையில் அன்று, மேடைக்கு எதிரே. நாடகம் பார்க்க வந்தோர்க்குச் சோடா விற்பது அவர் தொழிலாயிற்று. விற்கும் கையோடு காணும் கண்ணும் வேலை செய்தது. எந்த இடத்தில் மக்கள் சிரிக்கின்றனர், எந்த இடத்தில் எழுந்து வெளியே போகின்றனர் என்பதைச் சோடா விற்பவரைவிட நன்கு அறிவார் யார்? பின்னாளில் அவையின் நாடித்துடிப்பை அவர் உணர்ந்திருந்த திறத்துக்கு இவ்விளமைப் பயிற்சியே அடித்தளம் என்று கருதுகிறோம்.

தென்பாண்டி நாட்டின் உயிர்க்கலையாகிய வில்லுப்பாட்டில் அவர் முதலில் தேர்ந்தார். ஒரு கதையைப் பாட்டாகவும் பேச்சாகவும் மாற்றி மாற்றிச் சொல்லும் நுட்பம் அங்கே அவருக்கு வாய்த்தது. அதன்பின், டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையில் சேர்ந்து நாடக நடிகரானார். ஊர் ஊராகச் சென்று, நாளொரு வேடம் தாங்கும் நாடகக் குழுவே அக்காலத்து நடிகர்க்குக் கல்லூரி. ஒழுங்கும் பாடமும் தமிழ் உச்சரிப்பும் அங்கே கண்டிப்போடு கற்பிக்கப்பெற்றன.

திரையும் கொங்கு நாடும்

பேசும்படம் தமிழகத்தில் வேரூன்றிய காலம் அது. 1935இல் வெளிவந்த ‘மேனகா’விலும், 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யிலும் கிருஷ்ணன் தோன்றினார். மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். அவர்களுக்கும் ‘சதி லீலாவதி’யே முதற்படம் என்பது குறிப்பிடத்தக்கது. ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனே சென்ற பயணத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். கலையில் தொடங்கிய அவ்விணைப்பு திருமணமாக மலர்ந்தது. கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் ஈடுகொடுத்து வாதாடும் அவர்தம் நகைச்சுவைக் காட்சிகளில், பெண் வெறும் கேலிப்பொருளாக நில்லாமல் எதிர்வாதம் புரியும் அறிவுடையவளாக நின்றமை அக்காலத்துக்குப் புதுமையாகும்.

முதன்மைக் கதையோடு தொடர்பின்றித் தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவினரைக் கொண்டு தாமே ஆக்கித் தரும் முறையை அவர் கைக்கொண்டார். இதனால், பிறர் எழுதிய கதைக்குள்ளும் தம் கருத்தைச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடைத்தது. புராணப் படமாயினும் அரச கதையாயினும், அதன் நடுவே தீண்டாமையையும் மூடப்பழக்கத்தையும் குடியையும் நகையாடும் ஓர் இடைவெளியை அவர் அமைத்துக்கொண்டார்.

இக்காலத்தில் கொங்கு நாடு தமிழ்த் திரைத்தொழிலின் தலையாய நிலைக்களங்களுள் ஒன்றாக விளங்கியதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும். கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இயங்கியது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் சிறந்து விளங்கியது. பட்சிராஜா நிறுவனத்தைத் தோற்றுவித்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு கோவையிலிருந்து வெற்றிப் படங்கள் பலவற்றை அளித்தார். ‘ஆர்யமாலா’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) ஆகிய கோவைப் படங்களிலும், ‘உத்தமபுத்திரன்’ (1940) என்னும் சேலத்துப் படத்திலும் கிருஷ்ணனின் நகைச்சுவை இடம்பெற்றது. பஞ்சாலைச் சங்கொலி கேட்டு எழுந்த இந்நகரத்து மக்கள், கலைவாணரின் வளர்ச்சியைத் தம் ஊர்த் தொழிலின் வளர்ச்சியோடு சேர்த்தே கண்டனர் எனலாம்.

இவற்றினும் நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் 1899இல் பிறந்தவர் நாராயணகவி. இளமையிலேயே பெற்றோரை இழந்து, தம் ஊர் முத்துசாமிக் கவிராயரிடம் பாட்டும் கூத்தும் பயின்று, பின்னர் நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளை அடுத்துத் தேர்ந்தவர் அவர். வறுமையில் வளர்ந்து, உழைப்போர் பேசும் மொழியைப் பாட்டாக்கத் தெரிந்த இக்கொங்குக் கவிஞரும், வில்லுப்பாட்டில் வளர்ந்த நாஞ்சில் நாட்டுக் கலைஞரும் இணைந்தது தமிழகம் பெற்ற பேறாகும். உடுமலையார் எழுத, கிருஷ்ணன் பாட, பகுத்தறிவுக் கருத்துகள் கட்டுரை வடிவில் அன்றி மெட்டு வடிவில் பட்டிதொட்டி எங்கும் பரவின.

சிறையும் விடுதலையும்

புகழின் உச்சியில் நின்ற வேளையில் பேரிடி விழுந்தது. திரையுலகினரைப் பற்றி இழித்து எழுதிவந்த ‘இந்து நேசன்’ இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர்த் திங்களில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். ஏனைய இருவர்க்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகள் கண்டு சென்னையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதன் நாயகரும் நகைச்சுவையாளரும் சிறைக்குள் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், புகழின் நிலையாமை எத்தகையது என்பது விளங்கும். ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவர் இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

அத்துன்ப நாட்களில் மதுரம் அம்மையார் துவண்டு விடவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் பொருள் தேவைப்பட்டது. குழுவை நம்பிய குடும்பங்கள் பல. கோவை சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி. சகஸ்ரநாமம் துணைநிற்க, என்.எஸ்.கே. நாடக சபா தொடர்ந்து நாடகங்கள் நடத்தியது. அவர்கள் மேடையேற்றிய ‘பைத்தியக்காரன்’ நாடகம் 1947இல் திரைப்படமாகவும் வந்தது. இடுக்கண் வந்த வேளையில் தோள்கொடுத்த அக்கொங்கு நாட்டுக் கலைஞரை நாம் மறத்தலாகாது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறுமுறை ஆராயுமாறு அம்மன்றம் பணித்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஹேப்பலும் சகாபுதீனும் மீண்டும் விசாரித்து, 1947 ஏப்ரல் மாதத்தில் பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றமற்றோர் என விடுவித்தனர். அதே ஆண்டு நாடும் விடுதலை பெற்றது.

சிறையினின்று மீண்ட பாகவதர் தம் பழைய நிலையை மீட்க இயலாமற் போனார். கிருஷ்ணனோ மீண்டும் மக்கள்முன் வந்து நின்றார். இழந்த ஆண்டுகளை எண்ணிப் புலம்புவதற்கு மாறாக, தம்மேல் சொரியப்பட்ட கசப்பைத் தாம் பிறர்மேல் சொரியாமல் இருந்தமையே அவர் மீட்சியின் இரகசியம் என்று தோன்றுகிறது. நாடகப் பேராசான் பம்மல் சம்பந்த முதலியார் அளித்த கலைவாணர் என்னும் பட்டம் அவர் பெயரினும் பெரிதாக நின்று நிலைத்தது.

நந்தனாரும் கிந்தனாரும்

இனி அவர்தம் அரிய செயலுக்கு வருவோம். தமிழ் மக்கள் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற மாந்தருள் ஒருவர் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகவே பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை விரித்து இசைப் பாடல்களாலாகிய சரித்திரமாக்கினார். தில்லை செல்ல விடைதர மறுக்கும் நிலக்கிழாரும், நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் அறுவடை செய்யுமாறு இடும் கட்டளையும் பாரதியார் படைப்பில் உயிர்பெற்றன. இலக்கணப் பிழை கருதி முதலில் சாற்றுகவி தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அப்பாடல்களின் உருக்கத்தில் தாமே கரைந்து பின்னர் அளித்தார் என்பது இலக்கிய வரலாறு. கதாகாலட்சேபக் கலைஞர் அனைவரும் அக்கதையைத் தம் தலையாய கதையாகக் கொண்டனர்.

மக்கள் அக்கதையைக் கேட்டு அழுதனர். மண்டபத்தினுள் அமர்ந்து நந்தனுக்காகக் கண்ணீர் வடித்தோர், வீடு திரும்பும் வழியில் நிற்கும் நந்தனின் வழித்தோன்றலை விலகி நிற்கச் சொன்னதும் உண்டு. கண்ணீர் எளிது, மாற்றம் அரிது. கலைவாணர் கண்டுகொண்டது இந்த முரண்பாட்டையே.

ஆகவே அவர் நந்தனாரைக் கிந்தனார் ஆக்கினார். எழுத்து உடுமலையாருடையது, உருவம் கலைவாணருடையது. அசல் கதாகாலட்சேபத்துக்குரிய கோலமும், சப்ளாக்கட்டையும், பாட்டுக்கு இடையே வரும் உரைநடை விளக்கமும், பின்பாட்டும் எவ்விதக் குறைவுமின்றி இருந்தன. கேட்போர்க்கு முதலில் பழைய கதையே நடப்பது போன்ற மயக்கம் உண்டாகும். சிறிது நேரத்தில் கதையின் தடம் மாறும்.

கிந்தன் சேரியிற் பிறந்த சிறுவன். அவன் காண விழைவது தில்லைக் கூத்தனை அன்று, கல்வியை. பள்ளிக்கூடம் அவனுக்குத் திருக்கோயில். அங்கே அடிபட்டு விரட்டப்படுகிறான். தில்லைக்குப் பதிலாகச் சென்னைப் பட்டணம் அவன் செல்லும் தலமாகிறது. ஏறிச்செல்லும் ஊர்தி புகைவண்டி. சாதி கேளாமல் சீட்டு மட்டும் கேட்கும் அவ்வண்டியில், ஊருக்குள் ஒருவரையொருவர் தீண்டாதோர் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருப்பதைக் கலைவாணர் பாடிக்காட்டும்போது, அவையோர் சிரிப்பர். சிரித்தபின் தாம் எதற்குச் சிரித்தோம் என்று எண்ணுவர். பட்டணத்தில் பயின்று தேறிய கிந்தன் கல்வித்துறை அதிகாரியாகித் தன் சொந்த ஊர்ப் பள்ளியைப் பார்வையிட வருகிறான். அன்று விரட்டிய ஆசிரியரே இன்று வரவேற்கும் நிலை பிறக்கிறது.

நந்தன் தீயில் மூழ்கி எழுந்தபின்னரே ஏற்கப்பட்டான். கிந்தன் தீயில் மூழ்கவில்லை, நூலில் மூழ்கினான். பழங்கதையை இகழாமல், அதன் நாயகரை எள்ளாமல், அவர் சென்றடைந்த இடத்தை மட்டும் கலைவாணர் மாற்றியமைத்தார். மேடைகளில் புகழ்பெற்ற இக்காலட்சேபம் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்திலும் இடம்பெற்று, தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளை எல்லாம் எட்டியது. அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய முதற்படம் அது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அப்படம் மதுவிலக்கையும் வலியுறுத்தியது. மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக 1937இல் நடைமுறைக்கு வந்ததும் நம் கொங்கு நாட்டுச் சேலம் மாவட்டத்தில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

நகைப்பின் அறம்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்தார். எள்ளலால் பிறக்கும் நகையே ஆளுதற்கு அரியது. யாரை எள்ளுவது என்னும் வினா அங்கே எழும். வலியோர் முன் நின்று மெலியோரை எள்ளுதல் எளிது. அவையும் உடன் நகும். அக்காலத்து நாடகங்களிலும் படங்களிலும் வேலையாள், ஊமை, முடவர், தாழ்த்தப்பட்டோர் ஆகியோரே சிரிப்புக்கு இரையாயினர்.

தனியொருவர் நிகழ்த்தும் கலையில் இவ்வினா மேலும் கூர்மையாகிறது. அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே குரலில் பேசுகின்றனர். அக்குரல் எவர் பக்கம் சாய்கிறது என்பதை அவை நொடியில் உணர்ந்துவிடும். கலைவாணர் ஆசிரியரின் செருக்கைக் குரலில் காட்டினார், சிரிப்பு எழுந்தது. கிந்தனின் ஏக்கத்தைக் காட்டினார், சிரிப்பு அடங்கியது. சிரிப்பைத் திறக்கவும் அடைக்கவும் அறிந்த அந்த நுட்பமே அவர் கலையின் சாரம் என்று துணிந்து கூறலாம்.

ஒரு வினாவை இங்கே ஒதுக்கிச் செல்லுதல் நேர்மையன்று. கிந்தன் ஒருவன் அதிகாரியானான். அவனோடு அடிபட்ட ஏனைய பிள்ளைகள் என்னவாயினர்? ஊரார் வணங்கியது மனிதனையா, பதவியையா? அதிகாரியாய்த் திரும்பாத கிந்தனை அவ்வூர் ஏற்றிருக்குமா? இவ்வினாக்களுக்குக் கலைவாணரின் காலட்சேபம் முழு விடை தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1950இல் தீண்டாமையை ஒழிக்கும் முன்னரே, ஒரு சேரிச் சிறுவனைக் கதாகாலட்சேபத்தின் நாயகனாக்கி, அவன் கையில் நூலைக் கொடுத்து, அவன் வெற்றியில் ஊரார் அனைவரையும் மகிழச் செய்தமை சிறிய செயலன்று. விடை முழுமையாக இல்லாவிடினும், வினா மக்கள் மன்றத்தில் வைக்கப்பட்டது. வைத்தவர் தொடக்கப் பள்ளியையே முழுதும் காணாதவர் என்பதை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. கிந்தனுக்குக் கிட்டிய கல்வி கலைவாணர்க்குக் கிட்டவில்லை. தமக்குக் கிட்டாததைப் பிறர்க்குக் கிட்டச் செய்யவே அவர் பாடினார்.

வள்ளலின் இறுதி நாட்கள்

விடுதலைக்குப் பின் பத்தாண்டுகளே அவர் வாழ்ந்தார். ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை இயக்கினார். இரண்டுக்கும் கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதினார். ‘ராஜா ராணி’ (1956) படத்தில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகப் பாடிச் சிரித்துக் காட்டிய காட்சி இன்றும் மக்கள் நினைவில் வாழ்கிறது. அதுவும் ஒருவர் நின்று பலராகும் கலையே அன்றோ!

பொருள் அவரிடம் வந்தது, ஆனால் தங்கவில்லை. இல்லை என்று வந்தோர்க்கு இல்லை என்று சொல்ல அவர் நா பழகவில்லை. நாகர்கோவிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். திருமணம், மருத்துவம், படிப்பு என்று அவர் வாயிலில் நின்றோர் பலர். சிறை மீண்டபின் உடல்நலமும் வருவாயும் குன்றிய காலத்திலும் அக்கொடை குன்றவில்லை என்று அவரை அறிந்தோர் போற்றியுள்ளனர். சேர்த்து வைத்துப் பின்னர்க் கொடுப்போம் என்று எண்ணுவோர்க்கும், வந்தபோதே கொடுத்துவிடுவோர்க்கும் உள்ள வேறுபாட்டை அவர் வாழ்வு காட்டுகிறது. அதன் விலையை அவர் குடும்பத்தாரும் ஏற்க நேர்ந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டபோது, கலைவாணர் அவர்க்காகப் பேசச் சென்ற நிகழ்ச்சி பலராலும் சொல்லப்பட்டு வருகிறது. எதிர்த்து நின்றவர் அவ்வூர் மக்கள் மதித்த மருத்துவர். கலைவாணர் தம் பேச்சு முழுவதும் அம்மருத்துவரின் திறமையையும் நற்பண்பையுமே புகழ்ந்துகொண்டிருந்தார். கூட்டத்தினர் திகைத்தனர். இறுதியில், இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயுற்றோரைக் காப்பவர் யார் என்று வினவி, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புமாறு கேட்டு முடித்தார். மாற்றாரின் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. சொல்ல வந்ததும் சொல்லப்பட்டது. வசைமொழி இன்றி வாதாட இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அவ்வாண்டிலேயே, ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், 49 வயது நிரம்பும் முன்னரே கலைவாணர் சென்னையில் மறைந்தார். தமிழகம் கண்ணீர் வடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 பொங்கல் திருநாளன்று சென்னைத் தியாகராய நகரில் அவர் திருவுருவச் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். கொடிய நோயால் நலிந்திருந்த அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. மூன்று வாரங்களுக்குள் அவரும் மறைந்தார். சென்னையில் கலைவாணர் பெயர் தாங்கிய அரங்கம் 2016இல் புதிதாக எழுப்பப்பட்டது. தீநுண்மிப் பரவற் காலத்தில் 2020, 2021 ஆண்டுகளில் தமிழகச் சட்டமன்றமே அங்குக் கூடியது. மக்களை மேடைக்கு முன் அமரவைத்துச் சிந்திக்கச் செய்தவர் பெயர் கொண்ட அரங்கில், மக்களின் பேராளர்கள் அமர்ந்தனர். உடுமலை நாராயணகவி 1981இல் மறைந்தார். உடுமலைப்பேட்டையில் அவர்க்கு மணிமண்டபம் உண்டு. கிந்தனாரைப் படைத்த இருவர்க்கும் தமிழகம் நினைவிடம் எடுத்துள்ளது மனநிறைவு தருகிறது.

நாம் செய்யத்தக்கது

நினைவிடங்கள் மட்டும் போதுமா என்பதே நம் வினா. கலைகளின் வடிவங்கள் மாறிவருகின்றன. கதாகாலட்சேபம் அருகிவிட்டது; உடுக்கடிப் பாட்டும் வில்லுப்பாட்டும் ஒருசில குடும்பங்களில் மட்டுமே வாழ்கின்றன. ஆனால் ஒருவர் எழுந்து நின்று ஒரு கதையைச் சொன்னால் நூறு பேர் அமர்ந்து கேட்கும் இயல்பு மக்களிடம் மாறவில்லை. கல்லூரி முத்தமிழ் விழா மேடைகளில் தனிநடிப்பு என்னும் போட்டி இன்றும் நடைபெறுகிறது. ஐந்து மணித்துளிகளில் ஒரு மாந்தரின் வாழ்வைக் காட்ட முனையும் மாணவர்க்குக் கலைவாணரைவிடச் சிறந்த ஆசான் வேறு யார்?

அவரிடம் நாம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, மக்கள் போற்றும் கதையை இகழாமலே அதற்குப் புதிய பொருள் தருதல் இயலும் என்பது. இரண்டாவது, சிரிப்பை எளியோர்க்கு எதிராக ஏவாமல் செருக்குக்கு எதிராக ஏவுதல் வேண்டும் என்பது. மூன்றாவது, மேடையில் தனித்து நிற்பவர் உண்மையில் தனித்தவரல்லர் என்பது. பூளவாடிக் கவிஞரின் எழுத்தும், சிங்காநல்லூர் நண்பரின் துணையும், மதுரம் அம்மையாரின் உறுதியும் அவருக்குப் பின்னே நின்றன. அவை இல்லையேல் அந்த ஒற்றைக் குரல் சிறைச்சுவருக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும்.

தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணவ மாணவியர் இன்று நம் வகுப்பறைகளில் பலர் உள்ளனர். விசைத்தறிக் கூடத்திலிருந்தும், தோட்டத்துக் காட்டிலிருந்தும், பனியன் தொழிற்சாலையிலிருந்தும் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கிந்தனே. கிந்தனைப் பட்டணத்துக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிபோல், சாதியும் சமயமும் கேளாமல் அவர்களை ஏற்றிச் செல்லும் கல்விக்கூடங்களாக நம் கல்லூரிகள் என்றும் விளங்க வேண்டும். கற்றுத் தேறியபின் தம் ஊருக்குத் திரும்பி, அங்கே வாயிலுக்கு வெளியே நிற்கும் அடுத்த கிந்தனின் கைபிடித்து உள்ளே அழைத்துவருவதும் அவர்தம் கடமையாகும். கலைவாணர் பாடி முடித்த இடத்திலிருந்து கதையைத் தொடர்வதற்கு அதுவே வழி.